நாற்பத்தொன்பது டாலர் ஜனவரி

தன் பொருளுக்குத் தானே விலை சொல்லக் கூச்சப்படுகிறவர்களை எல்லாம் ஓரிடத்தில் குடியேற்றுவது என்று அரசாங்கம் முடிவெடுத்தால் புதிதாக இடம் தேட வேண்டியதில்லை. கனடாவின் வின்னிபெக் நகரத்தின் வடகிழக்கில், மெனோனைட் என்னும் எளிய வாழ்வுக் கிறிஸ்தவர்களின் சபைக் கட்டடத்தைச் சுற்றியுள்ள ஏழெட்டுத் தெருக்கள் போதும். அங்கே புது வீடு வாங்கியவர், "ஏதோ சுமாரா இருக்கு" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். புதுக் கார் வாங்கியவர் அதன்மேல் நன்றாகச் சேறு படியும்வரை இரண்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நடந்தே வருவார். இப்படிப்பட்ட ஜனங்களுக்கு நடுவிலும் "பாவம், ரொம்பக் கூச்ச சுபாவம்" என்று பெயர் எடுத்தவர் ஆர்லோ ப்ளெட். வயது ஐம்பத்தேழு. அவர் செய்த தொழிலோ, தானே செய்த பொருளுக்குத் தானே விலை வைத்து, தானே கூவி விற்க வேண்டிய தொழில்.

அவர் ஒலி விற்றார்.

அது என்ன தொழில் என்று பதினொரு வருஷமாக அவர் தன் மைத்துனர் டெல்மருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். டெல்மர், ஆர்லோவின் மனைவி வெர்னாவின் அண்ணன். ஊருக்குத் தெற்கே ஐம்பது மைலில் பன்றிப் பண்ணை வைத்திருப்பவர். ஞாயிறு நாலு மணிக் காப்பிக்கு வரும்போதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"பெட்டியில போட்டு அனுப்புவியா மச்சான்?"

"இல்ல டெல்மர். சின்தசைசர்ங்கிற எலெக்ட்ரிக் கீபோர்டு வாசிக்கறவங்க இருக்காங்கல்ல, அவங்க ஒரு கட்டையை அழுத்தினா என்ன சத்தம் வரணும்னு நான் முன்னாடியே செஞ்சு வெச்சிடுவேன். காசு கட்டிட்டு இணையத்துல இறக்கிக்குவாங்க."

"ஏன், அந்த மெஷினுக்குச் சொந்தமா சத்தம் கிடையாதா?"

"இருக்கும். ஆனா அது எல்லார்கிட்டயும் இருக்குமே."

டெல்மர் ரொட்டியில் ஜாமைத் தடவியபடி யோசிப்பார். "என் கொட்டகைல எண்ணூறு பன்னி இருக்கு. ஒரு நாள் தீனி தாமதமாச்சுன்னா அதுங்க போடற சத்தம் உன் மெஷின்ல வராது. வந்து அள்ளிக்கிட்டுப் போ. சொந்தக்காரன்கிட்டக் காசா வாங்கப்போறேன்?"

இதற்குச் சிரித்துவிட்டு ஆர்லோ நிலவறைக்கு இறங்கிவிடுவார். அவருடைய தொழிற்சாலை, கடை, தலைமை அலுவலகம் எல்லாம் அங்கேதான், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் உறைபெட்டிக்கும் நடுவில். கடைக்கு 'தரிசு ஒலியகம்' என்று பெயர். மற்ற ஒலி வியாபாரிகள் தங்கள் தொகுப்புகளைப் பற்றி, 'உங்கள் இசையை இன்னொரு கோளுக்குத் தூக்கிச் செல்லும்' என்றெல்லாம் எழுதினார்கள். ஆர்லோ எழுதியது: 'நூறு ஒலிகள். சில நன்றாக வந்திருக்கின்றன.' விலையிலும் இதே சீர்தான். மற்றவர்கள் முப்பத்தொன்பது என்று எழுதி, அதைச் சிவப்பில் அடித்து, பக்கத்தில் பத்தொன்பது என்று போட்டு, 'இன்றே கடைசி' என்று வருஷத்தில் முந்நூறு நாள் அறிவித்தார்கள். அடிப்பதற்காகவே ஒரு விலையை எழுதுவது பொய் சாட்சிக்குச் சமம் என்பது ஆர்லோவின் கருத்து. ஆகவே எல்லாத் தொகுப்பும் பதினாலு டாலர். தள்ளுபடி கிடையாது. பதினொரு வருஷத்தில் விலைவாசி என்னென்னவோ ஆயிற்று, தரிசு ஒலியகத்தில் மட்டும் பதினாலு பதினாலாகவே இருந்தது.

இந்த அடக்கமான மனிதருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. அது அவருடைய காது.

ஒலி செய்கிற எல்லாரும் திரையின் ஓரத்தில் ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். ஒலிக்குள் எந்த ஸ்தாயியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கிக் காட்டும். ஆர்லோ அதை மூடி வைத்திருந்தார். புதியவர்களுக்குத் தொழில் சொல்லித்தரும் அவருடைய காணொளிகளில், வழக்கமான தயக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு, பிரசங்கியார் மாதிரி கையைத் தூக்கி ஒரு வாக்கியம் சொல்வார்: "அந்தப் படத்தை மூடுங்க. கண்ணையும் மூடுங்க. காதை நம்புங்க." இதை மட்டும் கேட்டவர்கள் நாற்பதாயிரம் பேர்.

அவருடைய கடைசி இரண்டு தொகுப்புகளுக்குக் கொஞ்சம் புகழும் வந்திருந்தது. 'கூர்மையான, இரக்கமில்லாத, இன்றைய ஒலி' என்று ஒருவர் எழுதினார். ஆர்லோ திகைத்தார். இரக்கமில்லாமல் அவர் எதையும் செய்ததாக ஞாபகமில்லை. ஆனாலும் யாரும் பார்க்காதபோது அந்த வரியை ஏழெட்டு முறை படித்தார்.

மூன்றாவதாக வந்ததுதான் 'ஜனவரி'. மூன்று வருஷ வேலை. நூற்றிருபத்தெட்டு ஒலிகள். உறைந்த செந்நதியின் மேல் ஒலிவாங்கியைப் படுக்கவைத்து, பனிக்கட்டி முனகுவதையும் விரிசல் ஓடுவதையும் பதிவுசெய்து, நிலவறையில் ஒரு பழைய ஒலிக் கலவைக் கருவி வழியாக ஓட்டி, இழுத்து, மெலிதாக்கி, மேலே சின்தசைசரின் இழையைப் போர்த்தி, கட்டையை அழுத்தினால் ஒரு குளிர்காலமே மெல்ல எழுந்து வருகிற மாதிரி செய்திருந்தார். அதிலும் நாற்பத்துமூன்றாவது, 'ஆறு திறக்கும் நேரம்' என்ற ஒலிக்கு மட்டும் நாலு மாதம். இதைச் செய்வதற்காகத்தான் தான் பிறந்தது போலிருக்கிறது என்று அவருக்கு ஒரு நாள் தோன்றியது. உடனே வெட்கப்பட்டுக்கொண்டு துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டார்.

"என்ன விலை போடப்போற?" என்றார் வெர்னா.

"பதினாலு."

விலை விஷயத்தில் வெர்னாவின் பேச்சைத் தள்ளிவிட முடியாது. சபை நடத்துகிற பழம்பொருள் கடையில், ஜனங்கள் தானமாகக் கொண்டுவந்து கொட்டுகிறவற்றுக்கு விலைச் சீட்டு ஒட்டும் மேஜை பதினேழு வருஷமாக அவருடையது. ஒரு கோப்பையைத் திருப்பி அடியைப் பார்த்தால் போதும், விலை சொல்லிவிடுவார்.

"ஆர்லோ, ஒரு விஷயம் சொல்றேன் கேளு. எழுபத்தஞ்சு சென்ட் போட்ட ஜாடியை எல்லாரும் எடுத்துப் பாப்பாங்க, திருப்பி வெச்சுடுவாங்க. அதே ஜாடிக்கு எட்டு டாலர் போட்டுப் பாரு. பூவை வெச்சு மேஜை நடுவுல வைப்பாங்க."

"அது ஜாடி."

"மூணு வருஷம் ராப்பகலா ஜாடியா செஞ்ச? மூணு குளிர்காலம் ஆத்து மேல குப்புறப் படுத்திருந்த. எங்கம்மா பாத்திருந்தா உன்ன டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

வெர்னா கைப்பையிலிருந்து மஞ்சள் சீட்டுச் சுருளை எடுத்தார். ஒன்றில் 49 என்று எழுதி அவருடைய திரையின் மூலையில் ஒட்டினார். ஆர்லோ அதைத் தீ விபத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஊர்ல என்ன சொல்வாங்க?"

"ஊர்ல உன் தொழில் என்னன்னே தெரியாது. நீ உன் காதுக்குத்தான் விலை கேக்கற. அதைச் சும்மா குடுக்காத."

நாற்பத்தொன்பதுக்கே ஜனவரி கடைக்குப் போயிற்று. முதல் மூன்று நாளில் அறுபத்தொரு பேர் வாங்கினார்கள். ஆர்லோவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. யாரோ ஒருவர் வந்து, எழுந்திரு, இது வேறொருவருடைய நாற்காலி என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாலாம் நாள் வந்தார். கடிதத்தில் வந்தார். 'ஒலிகள் அருமை, ஆனால் பலவற்றில் கொசு மாதிரி ஒரு கீச்சு இருக்கிறதே?' அன்றைக்கே இன்னும் இரண்டு பேர். மறுநாள் ஐந்து.

ஆர்லோ முதலில் பயந்தார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நூற்றிருபத்தெட்டையும் வரிசையாகக் கேட்டார். கொசு இல்லை. வின்னிபெக்கில் ஜனவரியில் கொசு இருப்பதற்கு வழியே இல்லை. பிறகு அவருக்கு விஷயம் விளங்கியது. பதினாலு டாலருக்கு விற்றவரை ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லை. நாற்பத்தொன்பது கொடுத்ததும் ஜனங்களுக்குக் காது கூர்மையாகிவிடுகிறது. இது விலையின் நோய்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று மேலே பார்த்துக் கத்தினார். மேலே வெர்னா குழாயைத் திறந்துவிட்டார்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, தேன் தடவிய பதில் எழுதினார். 'தங்கள் அன்பான கடிதம் கண்டேன். தங்கள் ஒலிபெருக்கியைச் சற்றுப் பரிசோதித்துப் பார்த்தால் நல்லது. அறையில் பழைய விளக்கு ஏதேனும் எரிகிறதா?' ஒருவருக்கு, உலர்ந்த துணியால் இணைப்புக் கம்பிகளைத் துடைக்கும் முறையைக்கூடப் படிப்படியாக விளக்கியிருந்தார். மெனோனைட் கோபம் இதற்குமேல் ஏறாது.

மெக்சிகோவின் மாண்டெரேயிலிருந்து வாங்கிய ஃபபியோலா என்ற பெண் பதிலுக்கு ஒரு வரியும் எழுதவில்லை. ஒரு படம் மட்டும் அனுப்பினார். அது அந்த வரைபடம். வழக்கமான மலைகள், பள்ளங்கள். வலது கோடியில், மிகக் கீச்சான ஸ்தாயிகளின் பக்கம், பதினாலாயிரம் அதிர்வு என்று குறித்த இடத்தில், எல்லா மலைக்கும் மேலாக நெட்டுக்குத்தாக ஒரு கோடு. வெட்டவெளியில் நட்ட தந்திக் கம்பம் மாதிரி.

ஆர்லோ பதினொரு வருஷமாக மூடி வைத்திருந்த வரைபடத்தைத் திறந்தார். முதல் ஒலியை வாசித்தார். கம்பம் நின்றது. பத்தாவது, இருபதாவது, நாற்பத்துமூன்றாவது. நின்றது. மற்ற எல்லாவற்றையும் வெட்டியெறிந்துவிட்டு அந்தக் கோட்டை மட்டும் தனியாக வாசிக்கவிட்டார். ஒலியளவைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். திரையில் கம்பம் வளர்ந்துகொண்டே போனது. அறையில் உறைபெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.

கணினியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். வெர்னா சமையலறையில் வெரெனிக்கிக்கு மாவை வட்டமாக வெட்டி, தயிர்க்கட்டியை வைத்து ஓரத்தைக் கிள்ளி மூடிக்கொண்டிருந்தார். ஆர்லோ மேஜையில் கணினியை வைத்து விசையை அழுத்தினார்.

வெர்னாவின் தோள் இரண்டும் காதுக்கு ஏறின. "ஐயோ, நிறுத்து அதை!"

"கேக்குதா?"

"கேக்குதாவாவது. பல்லு கூசுது."

ஆர்லோ நிறுத்தினார். எப்போது நின்றது என்பதும் அவருக்குத் தெரியவில்லை, வெர்னாவின் தோள் இறங்கியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"இதுக்கு முன்னாடி கேட்டிருக்கியா?"

வெர்னா இன்னும் மூன்று வெரெனிக்கியை மூடினார். "கீழேருந்து வரும். போன தொகுப்புலயே வந்துச்சு. அதுக்கு முந்தினதுல கொஞ்சமா."

"இத்தனை வருஷமா!"

"நான் அது உன் ஸ்டைல்னு நெனச்சேன், ஆர்லோ."

"வெர்னா."

"சரி. நெனக்கல." மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். "ஒரு நாள் உன்னக் கேட்டேன், எங்கயாவது ஏதாவது ஊதுதான்னு. நீ மேல வந்து அடுப்பைப் பாத்த, ஜன்னலைப் பாத்த, ஒண்ணும் ஊதலையேன்ன. உன் மூஞ்சியப் பாத்தேன். பச்சப் புள்ள மாதிரி நின்ன. அப்புறம் கேக்கவே தோணல."

"நாப்பத்தொம்பது போடச் சொன்னியே!"

"காதுக்கு இல்ல போட்டது," என்றார் வெர்னா. "அன்னிக்கு அப்படிச் சொன்னேன். அந்த மூணு வருஷத்துக்குப் போட்டேன்."

கீச்சின் பிறப்பிடம் சுலபமாகக் கிடைத்தது. பழைய கலவைக் கருவிக்கு மின்சாரம் தருகிற சின்னப் பெட்டி. அதைச் சுவரிலிருந்து பிடுங்கியதும் கோடு விழுந்துவிட்டது. வேறொன்றை மாட்டினால் ஐந்து நிமிஷ வேலை. ஐந்து நிமிஷத்தில் தீராதது எது என்பதை, அங்காடி வளாகத்தில் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் காது பரிசோதிக்கும் பெண் ஒரு தாளில் வரைந்து காட்டினார். ஆறாயிரம் வரை கோடு ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு நிலவறைப் படிக்கட்டு மாதிரி இறங்கி, பதினோராயிரத்தில் தாளை விட்டே வெளியேறியது.

"உங்க வயசுக்கு இது சகஜந்தான் சார். கொஞ்சம் முந்திக்கிட்டு வந்திருக்கு. பேச்செல்லாம் நல்லாக் கேக்கும். என்ன வேலை பாக்கறீங்க?"

"சின்னக் கடை" என்றார் ஆர்லோ.

காரில் திரும்பி வரும்போதுதான் மிச்சமும் புரிந்தது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு ஒலியும் கொஞ்சம் மங்கலாக இருப்பதாகத் தோன்ற, கொஞ்சம் பளபளப்பு ஏற்றியிருக்கிறார். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். தனக்குச் சரியாகக் கேட்கும்வரை ஏற்றியிருக்கிறார். கூர்மை, இரக்கமின்மை, இன்றைய ஒலி. அவரைப் புகழ்ந்த அந்த ஆள் புகழ்ந்தது இதைத்தான்.

டெல்மருக்குச் செய்தி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காப்பியைக் கையில் எடுத்ததும், "இதுக்கா கவலைப்படற? எங்கிட்ட வா மச்சான். எண்ணூறு பன்னிக்கு நடுவுல நிக்கறதுக்கு உன்ன மாதிரி காதுதான் தோது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. டெல்மர் எழுந்து தன் வண்டிக்குப் போய், வேறு யாருக்கோ கொண்டுபோக வைத்திருந்த பத்துப் பவுண்டு புகைபோட்ட சாஸேஜைக் கொண்டுவந்து உறைபெட்டியில் அடுக்கினார். போகும்போது ஆர்லோவின் தோளை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் குடும்பத்தில் அது கதறி அழுவதற்குச் சமம்.

ஒரு வழி மிச்சமிருந்தது. அதை எடுத்துச் சொன்னவர் வெர்னா. பழம்பொருள் கடையில் மூன்று தொட்டிகள் உண்டு. அலமாரிக்குப் போவது, பழுது பார்ப்பது, குப்பைக்குப் போவது. "நூத்தி இருவத்தெட்டுதானே? பொறுக்கித் தரேன். நீ வாசி."

கீச்சை நீக்கிவிட்டு ஆர்லோ வாசித்தார். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் வெர்னா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்காருவார். ஆர்லோ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பத்தோரு வருஷமாகப் பார்த்த முகம்தான். புருவத்துக்கு நடுவில் ஒரு மடிப்பு விழுந்தால் குப்பை. உதடு மட்டும் கொஞ்சம் இறுகினால் பழுது. இரண்டும் இல்லாவிட்டால் அலமாரி. ஒலி செய்கிற ஒரு மனிதர் தன் ஒலியைத் தன் மனைவியின் நெற்றியில் படித்துக்கொண்டிருந்தார். இப்படி ஒன்பது நாள், ஒவ்வொன்றுக்கும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் நின்றார்.

நாற்பத்துமூன்றாவதற்குக் கட்டையை அழுத்திய பிறகு அவர் கையை எடுக்கவேயில்லை.

மடிப்பு விழுந்தது. வெர்னா உடனே அதைச் சரிசெய்யப் பார்த்தார். அதையும் ஆர்லோ பார்த்தார்.

"சொல்லு."

வெர்னா ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இது வேணாம் ஆர்லோ."

"கீச்சை எடுத்துட்டேனே."

"எடுத்துட்ட. மிச்சம் இருக்கறதே கண்ணாடியை மெல்லற மாதிரி இருக்கு."

ஆர்லோ ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி அழுத்தினார். ஆறு திறந்தது. பனிக்கட்டியின் அடியிலிருந்து தண்ணீர் மெல்ல நகர்ந்தது, ஒரு கதகதப்பு எழுந்து பரவியது. கூர்மையாக எதுவும் எங்கேயும் இல்லை.

"எனக்குப் பால் வழியற மாதிரி கேக்குது" என்றார்.

"தெரியும்" என்றார் வெர்னா. "உன் மூஞ்சில தெரியுது."

அலமாரித் தொட்டியில் கடைசியில் முப்பத்திரண்டு ஒலிகள் தேறின. வெர்னா மஞ்சள் சுருளை எடுத்தார். ஆர்லோ அவர் கையைப் பிடித்து மேஜையில் வைத்தார். "வேணாம். முப்பத்திரண்டு நல்லதுன்னு உனக்குத்தான் தெரியும். எனக்கு எல்லாமே நல்லது. அப்படிப்பட்டவன் விலை போடக் கூடாது."

மறுநாள் காலையில், வாங்கிய அத்தனை பேருக்கும் கடிதம் போட்டார். குறை தன்னுடையது, அவர்களுடைய ஒலிபெருக்கிகள் குற்றமற்றவை, பணம் திரும்ப வரும், தரிசு ஒலியகம் மாதக் கடைசியோடு மூடப்படுகிறது. ஃபபியோலாவுக்கு மட்டும் தனியாக நன்றி. கம்பிகளைத் துடைக்கச் சொல்லப்பட்டவருக்குத் தனியாக மன்னிப்பு. 'காதை நம்புங்க' காணொளியை எடுத்துவிட்டார். அடியில் ஒருவர், 'என் வாழ்க்கையை மாற்றிய வாக்கியம்' என்று எழுதியிருந்தார். அதுவும் சேர்ந்து போயிற்று.

எல்லாரும் பணத்தை வாங்கிக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மெர்ல் விக்ஸ்ட்ரோம் என்றொருவர். வயது எழுபத்தொன்று. இறுதிச் சடங்கு இல்லத்தில் முப்பது வருஷம் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவர். பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கூடவே நீளமாக எழுதியிருந்தார். ஆர்லோ அதைச் சமையலறைக்கு எடுத்துப்போய் வெர்னாவுக்கு வாசித்தார்.

"'ஐயா, குறை என்கிறீர்கள். நான் மூன்று வாரமாகக் கேட்கிறேன், எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உங்களுடைய நாற்பத்துமூன்றாவது ஒலியைத் தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். இவ்வளவு மென்மையான ஒன்றை நான் கேட்டதில்லை. என் மனைவி மார்ஜரிக்கு மட்டும் இசை அவ்வளவாக ஒட்டாது. நான் ஆரம்பித்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். தயவுசெய்து கடையை மூடாதீர்கள்.'"

ஆர்லோ சிரிக்க ஆரம்பித்தார். பல வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தால் வெர்னா சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி, மார்ஜரி வருகிற வரியை மட்டும் மறுபடி படித்தார்.

"அந்தம்மா அவர்கிட்டச் சொல்லல."

"சொன்ன மாதிரி தெரியல."

"அங்கயும் இப்ப நல்ல பனி." வெர்னா கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "என்ன எழுதப்போற?"

ஆர்லோ கீழே போனார். முதல் பதிலில் வரைபடத்தை இணைத்து, பதினாலாயிரத்தை வட்டமிட்டு, காதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று எழுதினார். நேர்மையான கடிதம். படித்துப் பார்த்துவிட்டு அழித்தார். இரண்டாவதில் வட்டம் இல்லை, நலம் விசாரிப்பு நிறைய இருந்தது. அதையும் அழித்தார். மூன்றாவது நாலே வரி.

'அன்புள்ள மெர்ல், நாற்பத்துமூன்றாவது எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. நான் செய்தவற்றில் அதுதான் சிறந்தது. நாற்பத்தொன்பது டாலர் அதற்குத் தகும், ஆகையால் உங்கள் பணத்தை வைத்துக்கொள்கிறேன். மத்தியானம் வாசிப்பதற்கு முன்னால் மார்ஜரி கனமான கோட்டைப் போட்டுக்கொண்டாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.'

அனுப்பிவிட்டுக் கடையை மூடுகிற பொத்தானைத் தேடினார். அது எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே அவருக்கு அரை மணி நேரமாயிற்று.